இங்கிலாந்தின் ஊர்க் கால்பந்துக் கழகம் ஒன்றின் வரலாற்றை அறிவது எப்படி?

தொலைக்காட்சியின் வழியாக ஆங்கிலக் கால்பந்தை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல், ஆர்சனல், செல்சி என ஏழெட்டுப் பெயர்கள் நன்கு பழக்கமானவை. பிரீமியர் லீக்கின் 20 கழகங்களுக்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ ஆகிய மூன்று அடுக்குகளில் தலா 24 கழகங்களாக மேலும் 72 கழகங்கள் ஆடுகின்றன என்பதும், அவற்றுள் சில வேல்ஸைச் சேர்ந்தவை என்பதும், அதற்கும் கீழே நேஷனல் லீக் தொடங்கிச் சிற்றூர் அணிகள் வரை படிப்படியாக இறங்கும் ஒரு பேரமைப்பு இருக்கிறது என்பதும் அந்த அளவுக்குத் தெரிந்திருப்பதில்லை. அந்த அமைப்பிலிருந்து ஒரு கழகத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் பிறப்பு முதல் இன்றுவரையிலான வரலாற்றையும் வழக்கங்களையும் முறையாகக் கற்க விரும்புவோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

கோப்பைகளின் பட்டியலிலிருந்து தொடங்க வேண்டாம் என்பதே என் முதல் அறிவுரை. அவ்வாறு தொடங்கினால் பெரும்பாலான கழகங்களின் கதை அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். ஊர் மக்கள் என்ன தொழில் செய்தார்கள், எந்தத் தேவாலயத்துக்குப் போனார்கள், சனிக்கிழமை எத்தனை மணிக்கு ஆலை மூடியது, யாருடன் போட்டியிட்டார்கள் என்ற கேள்விகளிலிருந்து தொடங்கினால், கோப்பையே வெல்லாத கழகத்துக்கும் நூற்றைம்பது ஆண்டு வரலாறு இருப்பது தெரியவரும்.

கழகத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஒரே தொழிலால் வளர்ந்த, நடுத்தர அளவுள்ள ஓர் ஊரின் கழகத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பருத்தி ஆலைகளின் பர்ன்லி, நிலக்கரியின் பார்ன்ஸ்லி, மீன்பிடித் துறைமுகமான கிரிம்ஸ்பி, மட்பாண்டத் தொழிலின் ஸ்டோக், கப்பல் கட்டுதலும் சுரங்கமும் சேர்ந்த சண்டர்லாந்து ஆகியவை தொடங்குவதற்கு ஏற்றவை. லண்டனில் கழகங்கள் அடர்ந்திருப்பதாலும் மக்கள் அடிக்கடி இடம் மாறியதாலும், அங்கே ஊருக்கும் கழகத்துக்கும் உள்ள உறவைப் பிரித்தறிவது புதியவருக்குக் கடினம். தமிழ்த் தொடர்பு ஒன்றிலிருந்து தொடங்க விரும்புவோர் பார்ன்ஸ்லியை எடுத்துக்கொள்ளலாம். வேல்ஸில் வளர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பத்து இளைஞரான விமல் யோகநாதன் அக்கழகத்தின் மூத்தோர் அணிக்காக ஆடியிருக்கிறார்.

அடுத்ததாக, எந்தக் கழகத்தை எடுத்தாலும் உதவக்கூடிய சில ஆண்டுகளை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். 1857-இல் ஷெஃபீல்டு எஃப்.சி. தொடங்கப்பட்டது, இன்றும் ஆடிக்கொண்டிருக்கும் கால்பந்துக் கழகங்களில் உலகிலேயே மிகப் பழையது அதுதான். 1863-இல் லண்டனில் ஃப்ரீமேசன்ஸ் டேவர்ன் என்ற விடுதியில் கூடிய கழகங்கள் எஃப்.ஏ. எனப்படும் கால்பந்துச் சங்கத்தை அமைத்துப் பொது விதிகளை வகுத்தன. 1871-இல் எஃப்.ஏ. கோப்பைப் போட்டி தொடங்கியது. 1885-இல் ஆட்டக்காரர்களுக்கு ஊதியம் கொடுப்பது சட்டபூர்வமாயிற்று. 1888-இல் ஆஸ்டன் வில்லாவின் நிர்வாகி வில்லியம் மெக்கிரிகரின் முயற்சியால் 12 கழகங்கள் சேர்ந்து ஃபுட்பால் லீக்கைத் தொடங்கின. அந்தப் பன்னிரண்டில் ஆறு லங்காஷயரையும் ஆறு நடு இங்கிலாந்தையும் சேர்ந்தவை. லண்டனிலிருந்து ஒன்றுகூட இல்லை.

இந்த ஆண்டுகளை ஒன்றோடொன்று கோத்துப் பார்த்தால் ஓர் அதிகார மாற்றம் புலப்படும். தொடக்கத்தில் எஃப்.ஏ. கோப்பையை வென்றவை உயர்குடிப் பள்ளிகளின் பழைய மாணவர் அணிகளும் படை அதிகாரிகளின் அணியும் ஆகும். 1883-இல் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற அணி, நெசவாளர்களையும் ஆலைத் தொழிலாளர்களையும் கொண்டு, ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர் அணியை இறுதியாட்டத்தில் 2–1 என்று தோற்கடித்தது. மறு ஆண்டே, ஊதியம் கொடுத்து ஆட்டக்காரர்களை வைத்திருப்பதாகப் பிரஸ்டன் நார்த் எண்ட் மீது புகார் எழுந்தபோது, அதன் தலைவர் வில்லியம் சடெல் அதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். கழகம் போட்டியிலிருந்து நீக்கப்பட்டபோதிலும், வடக்கின் கழகங்கள் தனிச் சங்கம் அமைக்கத் தயாரானதால் கால்பந்துச் சங்கம் இறங்கிவர நேர்ந்தது. அதே பிரஸ்டன்தான் 1888–89-ஆம் ஆண்டு முதல் லீக் பருவத்தில் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் லீக்கையும் கோப்பையையும் சேர்த்து வென்றது. வேலைக்குப் போகாமல் ஒருவர் பந்தாட முடியுமா என்ற கேள்வியே அன்றைய போராட்டத்தின் மையமாக இருந்தது. நீங்கள் தேர்ந்தெடுத்த கழகம் அந்தப் போராட்டத்தில் எந்தப் பக்கம் நின்றது என்பதைக் கண்டறிவது மிகவும் பயன் தரும்.

பிறப்பைத் தேடுதல்

ஆங்கிலக் கழகங்களின் பிறப்பிடங்கள் பெரும்பாலும் மூன்று: தேவாலயம், தொழிற்சாலை, கிரிக்கெட் குழு. எவர்டன், லிவர்பூல் நகரின் செயின்ட் டொமிங்கோ மெதடிஸ்ட் தேவாலயத்தாரால் 1878-இல் தொடங்கப்பட்டது. மான்செஸ்டர் சிட்டி, 1880-இல் வெஸ்ட் கோர்ட்டன் பகுதியின் செயின்ட் மார்க்ஸ் தேவாலய அணியாகப் பிறந்தது. பார்ன்ஸ்லியை 1887-இல் தொடங்கியவர் டிவர்ட்டன் பிரீடி என்ற பாதிரியார். குடியிலிருந்தும் தெருச் சண்டையிலிருந்தும் இளைஞர்களை விலக்கி வைப்பதற்கு உடற்பயிற்சியும் விளையாட்டும் தக்க வழி என்று அக்காலத் தேவாலயங்கள் நம்பியதே இதற்குக் காரணம். சவுத்தாம்ப்டன் கழகம் இன்றும் ‘செயின்ட்ஸ்’ என்று அழைக்கப்படுவது, 1885-இல் அதைத் தொடங்கிய செயின்ட் மேரிஸ் தேவாலயத்தின் நினைவாகத்தான். 2001-இல் அது குடிபுகுந்த புதிய மைதானத்துக்கும் அந்தப் பெயரையே சூட்டினார்கள்.

தொழிற்சாலைப் பிறப்புகளில் ஆர்சனலும் மான்செஸ்டர் யுனைடெட்டும் புகழ்பெற்றவை. முன்னது 1886-இல் வுலிச் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்களால் தொடங்கப்பட்டது. பின்னது 1878-இல் நியூட்டன் ஹீத் ரயில் பெட்டிப் பணிமனையில் பிறந்து, 1902-இல்தான் இன்றைய பெயரை ஏற்றது. வெஸ்ட் ஹாம், தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ் என்ற கப்பல் கட்டும் நிறுவனத்தின் அணியாகவும், கோவன்ட்ரி, சிங்கர் சைக்கிள் தொழிற்சாலையின் அணியாகவும் தொடங்கின. கிரிக்கெட் குழுக்கள், கோடைக்கால ஆட்டம் முடிந்தபின் குளிர்காலத்திலும் உறுப்பினர்களைப் பிரியாமல் வைத்திருக்கக் கால்பந்தைச் சேர்த்துக்கொண்டன. புதன்கிழமைகளில் கிரிக்கெட் ஆடிய குழுவின் பெயர்தான் ஷெஃபீல்டு வென்ஸ்டேயில் இன்றும் இருக்கிறது.

இந்தப் பிறப்புகளுக்கெல்லாம் இடமளித்தது ஓய்வு நேரம். 1850-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் பெண்களும் இளையோரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குமேல் வேலை செய்யக் கூடாது என்றது. அவர்கள் வெளியேறினால் இயந்திரங்கள் நிற்கும் என்பதால் ஆண்களுக்கும் அந்த அரைநாள் கிடைத்தது. பிற தொழில்களுக்கும் அது மெல்லப் பரவியது. ஆங்கிலக் கால்பந்து ஆட்டங்கள் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் வழக்கம் இந்த அரைநாள் ஓய்வை ஒட்டி வளர்ந்தது. பின்னாளில் பர்ன்லியின் தலைவர் பாப் லார்டு, தொலைக்காட்சி ஒளிபரப்பு சிறு கழகங்களின் கூட்டத்தைக் குறைத்துவிடும் என்று 1960-களில் வாதிட்டார். அதன் விளைவாக அமைந்த, சனிக்கிழமை 2.45 முதல் 5.15 வரை பிரிட்டனில் நேரடி ஒளிபரப்பு கூடாது என்ற ஏற்பாடு நீண்ட காலம் நிலைத்திருக்கிறது.

தேடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கழகத்தின் இன்றைய பெயரில் தேடினால் தொடக்க ஆண்டுகள் கிடைக்காது. 1902-க்கு முந்தைய செய்தித்தாள்களில் ‘நியூட்டன் ஹீத்’ என்றே தேட வேண்டும். அதேபோல் ஒரே ஊர்ப் பெயரைக் கொண்ட இரு கழகங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1888-இல் லீக்கைத் தொடங்கிய அக்ரிங்டன் வேறு, இன்றைய அக்ரிங்டன் ஸ்டான்லி வேறு. ஸ்டான்லி என்ற பெயர்கொண்ட கழகமும் கடன் சுமையால் 1962-இல் பருவத்தின் நடுவிலேயே லீக்கிலிருந்து விலகிப் பின்னர் மறைந்தது. 1968-இல் மீண்டும் தொடங்கப்பட்டு, 2006-இல்தான் லீக்குக்குத் திரும்பியது. 1962-இல் அதன் இடத்தைப் பெற்ற ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட், அது திரும்பிய அதே 2006-இல் லீக்கை விட்டு இறங்கியது. இவ்வளவு சீராகப் பொருந்தும் செய்திகள் கிடைக்கும்போது, ஐயத்துடன் பருவ வாரியான அட்டவணைகளைப் பார்த்து உறுதி செய்துகொள்வது நல்ல பழக்கம். இந்தச் செய்தி அந்தச் சோதனையில் நிற்கிறது.

பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் என்ற கட்டண இணையக் காப்பகத்தில் பழைய உள்ளூர் நாளிதழ்கள் ஏராளமாக உள்ளன. சனிக்கிழமை மாலையில், ஆட்டங்கள் முடிந்த சிறிது நேரத்திலேயே இளஞ்சிவப்பு, பச்சைத் தாள்களில் அச்சாகித் தெருவில் விற்கப்பட்ட விளையாட்டு இதழ்கள் பல நகரங்களில் இருந்தன. அவற்றின் ஆட்டக்குறிப்புகளைவிட வாசகர் கடிதங்களும் கடை விளம்பரங்களும் அந்த ஊரின் மனநிலையை நன்கு காட்டும் என்பது என் கருத்து. மான்செஸ்டரில் உள்ள தேசியக் கால்பந்து அருங்காட்சியகமும் பெரிய தொகுப்பைப் பேணுகிறது.

பட்டப்பெயர், சின்னம், நிறம்

ஊரின் தொழிலை அறிய மிக எளிய வழி கழகத்தின் பட்டப்பெயர். லூட்டன் டவுன் ‘ஹேட்டர்ஸ்’, அதாவது தொப்பி செய்பவர்கள். ஸ்டோக் சிட்டி குயவர்கள், வால்சால் சேணம் தைப்பவர்கள், நார்தாம்ப்டன் டவுன் செருப்புத் தைப்பவர்கள், யோவில் டவுன் கையுறை செய்பவர்கள், மேக்கிள்ஸ்ஃபீல்டு பட்டுத் தொழிலாளர்கள், குரூ அலெக்சாண்ட்ரா ரயில்வேக்காரர்கள், ஷெஃபீல்டு யுனைடெட் ‘பிளேட்ஸ்’, அதாவது கத்தியின் அலகுகள். இந்தத் தொழில்களில் பல இன்று அந்த ஊர்களில் ஏறத்தாழ அற்றுப்போய்விட்டன. மைதானத்தில் பல்லாயிரம் பேர் உரக்கச் சொல்லும் இடத்தில் மட்டும் அந்தத் தொழிற்பெயர் வாழ்கிறது. சில ஊர்களில் பட்டப்பெயரும் மாறியது. ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் பிஸ்கட் ஆலையால் ‘பிஸ்கட்மென்’ எனப்பட்ட ரீடிங், ஆலை மூடப்பட்டபின் ‘ராயல்ஸ்’ ஆயிற்று.

பெயர்க் காரணம் சொல்லும் கதைகளை அப்படியே ஏற்க வேண்டாம். நெப்போலியன் காலப் போரின்போது கரை ஒதுங்கிய ஒரு குரங்கைப் பிரெஞ்சு உளவாளி என்று கருதி ஹார்ட்டில்பூல் மீனவர்கள் தூக்கிலிட்டார்கள் என்ற கதையால், அந்த ஊர்க் கழகத்தாருக்குக் ‘குரங்கைத் தூக்கிலிட்டவர்கள்’ என்ற பெயர் நிலைத்தது. அது நிகழ்ந்ததற்கு அக்காலச் சான்று எதுவும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டு மேடைப்பாடல் ஒன்றின் வழியாகவே கதை பரவியது. ஆயினும் ஏளனமாகத் தொடங்கிய பெயரை ஊரார் பெருமையாக ஏற்றுக்கொண்டார்கள். கழகத்தின் குரங்கு வேடதாரியாக மைதானத்தில் ஆடிய ஸ்டூவர்ட் டிரம்மண்ட் 2002-இல் ஹார்ட்டில்பூல் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதன்பின் இரு முறை மீண்டும் வென்றார். ஒரு கதை உண்மையா என்று கேட்பதோடு, அதை ஊரார் என்ன செய்துகொண்டார்கள் என்றும் கேட்க வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

நிறங்களையும் இதேபோல் ஆராயலாம். 16-ஆம் நூற்றாண்டில் நார்விச்சுக்கு அடைக்கலம் தேடி வந்த ஃபிளெமிய நெசவாளர்கள் தங்களுடன் கேனரிக் குருவிகளையும் கொண்டுவந்தார்கள். குருவி வளர்ப்பு அந்நகரின் வழக்கமாயிற்று. 1902-இல் தொடங்கிய நார்விச் சிட்டி முதலில் நீலமும் வெள்ளையும் அணிந்தது. ‘கேனரீஸ்’ என்ற பட்டப்பெயர் பரவிய பிறகே மஞ்சளும் பச்சையும் வந்தன. ஆங்கில லீக் கழகங்களில் பழமையான நாட்ஸ் கவுண்டியின் கறுப்பு–வெள்ளைக் கோடுகள் வெளிநாட்டுக்கே போயின. இத்தாலியின் யுவென்டஸ் கழகத்துக்காக 1903-இல் நாட்டிங்ஹாமிலிருந்து வரவழைக்கப்பட்ட சட்டைகள் அவை. அந்த நன்றியை மறவாமல், யுவென்டஸ் 2011-இல் தன் புதிய மைதானத்தைத் திறந்தபோது நாட்ஸ் கவுண்டியையே விருந்தினராக அழைத்து ஆடியது.

மைதானத்தைப் படித்தல்

ஸ்காட்லாந்து தேசிய நூலகம் பழைய நில அளவை வரைபடங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இங்கிலாந்தின் வரைபடங்களும் அதில் அடங்கும். பழைய வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வசதியும் உண்டு. கழகத்தின் மைதானத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதைச் சுற்றி 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் என்ன இருந்தது என்று பாருங்கள். ரயில் பாதை, ஆலை, வரிசை வீடுகள், மதுக்கூடம் ஆகியவை கூப்பிடு தூரத்திலேயே இருப்பதைக் காண்பீர்கள். லூட்டன் 1905 முதல் ஆடிவரும் கெனில்வொர்த் ரோடு மைதானத்தில், வெளியூர் ரசிகர்களின் நுழைவாயில் வரிசை வீடுகளுக்கு நடுவே திறக்கிறது. அவர்கள் படியேறும்போது கீழே வீடுகளின் பின்முற்றங்கள் தெரியும்.

பழைய பார்வையாளர் மேடைகளைப் பற்றிப் படிக்கும்போது ஆர்ச்சிபால்டு லீச் என்ற பெயர் திரும்பத் திரும்ப வரும். தொழிற்சாலைக் கட்டடங்களில் தேர்ந்த இந்த ஸ்காட்லாந்துப் பொறியாளர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடெங்கும் மேடைகளைக் கட்டினார். மேல்தளத்தின் முகப்பில் குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும் இரும்புச் சட்டங்கள் அவருடைய அடையாளம். மேடைகளின் பெயர்களும் வரலாற்றுச் சான்றுகளே. இலக்குக்குப் பின்னாலுள்ள செங்குத்தான மேடையைப் பல ஊர்களில் ‘கோப்’ என்பார்கள். தென்னாப்பிரிக்காவில் 1900 ஜனவரியில் ஸ்பியன் கோப் என்ற குன்றில் நடந்த போரில் லங்காஷயர் படைப்பிரிவு வீரர்கள் பலர் மாண்டதன் நினைவாக, லிவர்பூலின் ஆன்ஃபீல்டில் 1906-இல் எழுப்பிய மேடைக்கு அந்தப் பெயர் வந்தது. அதே குன்றிலிருந்து காயமடைந்தவர்களைத் தூக்கிச் சென்றவர்களில் காந்தி அமைத்த நேட்டால் இந்திய ஆம்புலன்ஸ் படையினரும் இருந்தார்கள். அதில் ஒப்பந்தக் கூலிகள் பெரும்பான்மையாக இருந்தார்கள். நேட்டாலின் ஒப்பந்தக் கூலிகளிலோ சென்னை மாகாணத்தாரே மிகுதி. ஆன்ஃபீல்டின் கோப் மேடையைத் தொலைக்காட்சியில் காணும் தமிழ் வாசகர் இதையும் அறிந்திருப்பது நல்லது.

சண்டர்லாந்து மைதானம் தனியாகக் கவனிக்கத் தக்கது. 1879-இல் ஜேம்ஸ் ஆலன் என்ற ஆசிரியர் தம் சக ஆசிரியர்களுக்காகத் தொடங்கிய அக்கழகம், ரோக்கர் பார்க்கில் ஏறத்தாழ நூறாண்டு ஆடியபின் 1997-இல் புதிய மைதானத்துக்கு மாறியது. அந்த இடம், 1993-இல் மூடப்பட்ட மங்க்வேர்மவுத் நிலக்கரிச் சுரங்கம் இருந்த நிலம். டரம் நிலக்கரிப் பகுதியில் கடைசியாக மூடப்பட்ட சுரங்கம் அது. நாள்தோறும் நிலத்தடியிலிருந்து வெளிச்சத்துக்கு ஏறிவந்த தொழிலாளர்களை எண்ணி மைதானத்துக்கு ‘ஸ்டேடியம் ஆஃப் லைட்’ என்று பெயரிட்டார்கள். வாயிலில் சுரங்கத் தொழிலாளரின் டேவி விளக்கு ஒன்று பெரிய சிலையாக நிற்கிறது. நாட்டின் பல புதிய மைதானங்கள் விளம்பர நிறுவனங்களின் பெயரைத் தாங்கும் காலத்தில் இப்படியொரு பெயரைத் தேர்ந்ததற்காக அக்கழகத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

மைதான வரலாற்றில் துயரங்களும் உண்டு. அவற்றைக் கடந்துபோகக் கூடாது. 1985 மே 11 அன்று பிராட்ஃபோர்டு சிட்டியின் பழைய மர மேடை ஆட்டத்தின் நடுவே தீப்பிடித்து 56 பேர் இறந்தார்கள். அவர்களில் இருவர் எதிரணியான லிங்கன் சிட்டியின் ரசிகர்கள். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் நெரிசலில் சிக்கினார்கள். அதனால் உயிரிழந்தோர் 97 பேர். அதன்பின் வந்த நீதிபதி டெய்லரின் விசாரணை அறிக்கையால் மேல் அடுக்கு மைதானங்களில் நின்று பார்க்கும் படிமேடைகள் அகற்றப்பட்டு, எல்லா இடங்களும் இருக்கைகளாயின. இறந்தவர்கள் மீதே பழி சுமத்தப்பட்டதை எதிர்த்துக் குடும்பத்தினர் பல்லாண்டு போராடினார்கள். இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்ற தீர்ப்பு 2016-இல்தான் கிடைத்தது. எந்தக் கழகத்தைப் பற்றிப் படித்தாலும் அதன் நினைவு நாள்களைத் தெரிந்துகொண்ட பிறகே மற்ற வழக்கங்களுக்குச் செல்லுங்கள்.

பகையின் காரணத்தைக் கண்டறிதல்

அண்டை ஊர்களின் மோதலை ‘டெர்பி’ என்பார்கள். ஒவ்வொரு டெர்பியின் பின்னும் நிலவியலும் தொழிலும் இருக்கும். போர்ட்ஸ்மவுத் கடற்படையின் ஊர், சவுத்தாம்ப்டன் வணிகக் கப்பல்களின் ஊர். இரண்டுக்கும் இடையே கசப்பு உண்டு. போர்ட்ஸ்மவுத் ரசிகர்கள் பாடும் ‘பாம்பி சைம்ஸ்’ தங்கள் நகரமன்ற மணிக்கூண்டின் மணியோசையைப் பின்பற்றியது. பிளாக்பர்னும் பர்ன்லியும் ஒரே பருத்தித் தொழிலில் வளர்ந்த பக்கத்து ஊர்கள். ஒற்றுமை மிகுந்திருப்பதே அவற்றின் பகைக்குக் கூர்மை தருகிறது. பிளாக்பர்ன் ரோவர்ஸின் உரிமை 2010-இல் இந்தியாவின் வெங்கீஸ் நிறுவனத்துக்குச் சென்றது.

சில பகைகளின் காரணம் கால்பந்துக்கு முற்றிலும் வெளியே உள்ளது. 1984–85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் யார்க்ஷயர் தொழிலாளர்கள் உறுதியாக நிற்க, நாட்டிங்ஹாம்ஷயர் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குச் சென்றார்கள். அந்தக் காயம் ஆறாததால், யார்க்ஷயர் கழகங்களுடன் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் ஆடும்போது கருங்காலிகள் என்ற வசை இன்றும் எழுகிறது. அதே ஃபாரஸ்டுக்கும் டெர்பி என்ற நகரின் கழகமான டெர்பி கவுண்டிக்கும் உள்ள பகை வேறு வகையானது. டெர்பிக்கு 1972-இல் லீக் பட்டம் பெற்றுத்தந்த பயிற்சியாளர் பிரையன் கிளஃப், 1978-இல் ஃபாரஸ்டுக்கும் அதைப் பெற்றுத்தந்து, 1979-லும் 1980-லும் ஐரோப்பியக் கோப்பையையும் வென்றார். இரு நகரங்களையும் இணைக்கும் நெடுஞ்சாலைப் பகுதிக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஒருவரையே இரு பக்கமும் தம்மவர் என்று கொண்டாடுவது இந்தப் பகையின் தனித்தன்மை.

உரிமையும் பெயரும்

கழகத்தின் அண்மைக்கால வரலாற்றுக்குக் கம்பெனீஸ் ஹவுஸ் என்ற அரசுப் பதிவேட்டின் இணையதளத்தைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கழகங்கள் நிறுவனங்களாகப் பதிவானவை. அவற்றின் இயக்குநர்கள், ஆண்டுக் கணக்குகள், அடமானங்கள் ஆகியவற்றை அங்கே எவரும் இலவசமாகப் படிக்கலாம். மைதானத்தின் உரிமை கழகத்திடம் உள்ளதா, உரிமையாளரின் வேறு நிறுவனத்திடம் உள்ளதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

இதன் முக்கியத்துவத்தை பரி என்ற ஊரின் கழகம் உணர்த்தும். 1900-லும் 1903-லும் எஃப்.ஏ. கோப்பையை வென்ற அக்கழகம், இரண்டாம் முறை டெர்பி கவுண்டியை 6–0 என்று வென்றது. இறுதியாட்ட வரலாற்றில் அதைவிடப் பெரிய வெற்றி இன்றுவரை இல்லை. நிதிச் சீர்கேட்டால் 2019 ஆகஸ்ட்டில் அது லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. ரசிகர்கள் கீழ் அடுக்கில் புதிய அணியைத் தொடங்கி, பின்னர் பழைய மைதானத்துக்கும் பழைய பெயருக்கும் திரும்பினார்கள். விம்பிள்டன் கழகத்தை மில்டன் கீன்ஸ் என்ற ஊருக்குக் கொண்டுசெல்ல 2002-இல் அனுமதி கிடைத்தபோது, ரசிகர்கள் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற சொந்தக் கழகத்தைத் தொடங்கி, 2011-இல் ஃபுட்பால் லீக்கை எட்டி, 2020-இல் பழைய மைதானம் இருந்த பிளவ் லேன் சாலைக்கே திரும்பினார்கள். எக்ஸ்டர் சிட்டி 2003 முதல் ரசிகர் அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. ஹல் சிட்டியின் பெயரை ‘ஹல் டைகர்ஸ்’ என்று மாற்ற உரிமையாளர் முயன்றபோது ரசிகர்கள் எதிர்த்தார்கள்; 2014-இல் கால்பந்துச் சங்கம் அதை மறுத்தது. இத்தகைய போராட்டங்களின் பயனாக, 2025-இல் நிறைவேறிய கால்பந்து நிர்வாகச் சட்டம் ஒரு தனி ஒழுங்காணையத்தை அமைத்து, சின்னத்தையும் சொந்த மைதானத்தில் அணியும் சட்டையின் நிறங்களையும் ரசிகர்களின் ஒப்புதலின்றி மாற்றுவதைத் தடுத்திருக்கிறது.

நாட்காட்டியும் நேரில் செல்லுதலும்

ஆண்டில் ஒரே ஒரு நாள் செல்ல முடியுமானால் டிசம்பர் 26-ஐத் தேர்ந்தெடுங்கள். பாக்ஸிங் டே எனப்படும் அந்த விடுமுறை நாளில் ஆடுவது மிகப் பழைய வழக்கம். கழகங்களுக்கிடையே நடந்த உலகின் முதல் ஆட்டமாகக் கருதப்படும் ஹலாம்–ஷெஃபீல்டு ஆட்டம் 1860-இல் அதே நாளில்தான் நடந்தது. 1920-இல் அதே நாளில், பிரஸ்டன் நகரின் டிக், கெர் தொழிற்சாலைப் பெண்கள் அணி லிவர்பூலின் குடிசன் பார்க்கில் ஆடியதைக் காண ஏறத்தாழ 53,000 பேர் திரண்டார்கள். மறு ஆண்டு டிசம்பரில் கால்பந்துச் சங்கம் தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடுவதைத் தடை செய்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகே தடை நீங்கியது. உங்கள் கழகத்தின் பெண்கள் அணி எப்போது தொடங்கியது, அந்த இடைவெளியில் அந்த ஊர்ப் பெண்கள் எங்கே ஆடினார்கள் என்பதையும் தேடுங்கள்; எழுதப்படாத பக்கங்கள் இன்னும் மிகுதியாக இருப்பது இங்கேதான்.

மற்றொரு நல்ல நேரம் ஜனவரி. எஃப்.ஏ. கோப்பையின் மூன்றாம் சுற்றில் மேல் இரண்டு அடுக்குக் கழகங்கள் சேர்ந்துகொள்வதால், சிற்றூர் மைதானத்துக்குப் பெரிய அணி வரக்கூடும். 1972-இல் லீக்குக்கு வெளியே இருந்த ஹெரிஃபோர்டு, அப்படியொரு மூன்றாம் சுற்றின் மறு ஆட்டத்தில் நியூகாசிலை 2–1 என்று வீழ்த்தியதை இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

சீட்டு வாங்கும்போது உள்ளூர் ரசிகர் பகுதியா, வெளியூர் ரசிகர் பகுதியா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். உள்ளூர்ப் பகுதியில் எதிரணியின் நிறத்தை அணியக் கூடாது. மேல் அடுக்கு மைதானங்களில் ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் மது அருந்துவதை 1985-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆட்டத்துக்கு முன்பு அச்சிட்ட நிகழ்ச்சி இதழை வாங்கிவிடுங்கள். பழைய ஆட்டக்காரர்கள் பற்றியும், அண்மையில் மறைந்த ரசிகர்கள் பற்றியும் வரும் பக்கங்கள் வேறெங்கும் கிடைக்காது. இடைவேளையில் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட ‘பை’ என்ற பண்டமும் பொவ்ரில் என்ற சூடான மாட்டிறைச்சிச் சாறும் விற்பார்கள்; இறைச்சி உண்ணாதோருக்குப் பாலாடைக்கட்டியும் வெங்காயமும் வைத்த பை பல இடங்களில் உண்டு. பக்கத்து இருக்கையில் முதியவர் அமர்ந்திருந்தால், அவர் முதன்முதலில் யாருடன் ஆட்டத்துக்கு வந்தார் என்று கேளுங்கள். பதில் நீளமாகவே வரும்.

முதற் பயணத்துக்கு ஷெஃபீல்டைப் பரிந்துரைக்கிறேன். உலகின் மிகப் பழைய கால்பந்து மைதானமாக கின்னஸ் ஏற்றுள்ள சேண்டிகேட்டில் ஹலாம் எஃப்.சி. இன்றும் ஆடுகிறது. ஷெஃபீல்டு எஃப்.சி. சிறிது தொலைவில், டெர்பிஷயரின் டிரான்ஃபீல்டில் ஆடுகிறது. இரண்டும் கீழ் அடுக்குக் கழகங்கள் என்பதால் சீட்டு எளிதில் கிடைக்கும். ஆடுகளத்தின் வேலியோரம் நின்றே ஆட்டத்தைப் பார்க்கலாம். ஹலாமுக்குச் செல்பவர்கள் தடித்த காலணி அணிந்துகொள்ளுங்கள். சேண்டிகேட் மேடான சரிவில் இருக்கிறது, குளிர்காலத்தில் காற்று பலமாக வீசும்.